மாமாவின் வலது கால்

மார்கழி பிறந்தால் எனக்கு ஒரு கார் நிறுத்துமிடம் ஞாபகத்துக்கு வந்துவிடும். ஜெர்மனியில் கறுப்புக்காடு என்று சொல்லும் மலைப்பகுதியில், டிட்டிசே ஏரிக்குப் பக்கத்தில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பூட்டிக் கிடந்த ஒரு சூப்பர் மார்க்கெட் வாசல் அது. கணுக்கால் அளவுக்குப் பனி. எங்கள் காரைத் தவிர வேறு வண்டி இல்லை. மாமா, என் கணவரின் அப்பா, அந்த வெள்ளைப் பரப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: “யாரும் இல்லியேம்மா. நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டுமா?”

கூடாது என்றேன். சட்டப்படி அது சரியான பதில். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அப்படியிருந்தும் எட்டு மார்கழி கடந்து அது என் மனசில் அடங்காமல் கிடக்கிறது. கடலூர் புதுப்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கீழே மாமா தன் டிவிஎஸ் எக்ஸ்எல்லைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். எங்கும் போகப்போவதில்லை. ஆனாலும் காலையில் வண்டியைத் துடைத்து, டயரை ஒரு தட்டு தட்டிப் பார்த்தால்தான் அவருக்கு நாள் தொடங்கும்.

மாமா 1983-இல் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநராகச் சேர்ந்தவர். 1997-இல் தலைவர்களின் பெயர்களையெல்லாம் எடுத்துவிட்டு அரசுப் போக்குவரத்துக் கழகம், விழுப்புரம் கோட்டம் என்று மாற்றினார்கள். 2014-இல் ஓய்வு பெற்றார். 31 வருஷத்தில் பெரும்பகுதி கடலூர்–சென்னை. நடுவில் நாலு வருஷம் கள்ளக்குறிச்சி டிப்போவில் இருந்தபோது, கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்கு ஏறி இறங்கும் டிரிப். ஒரு விபத்துகூட இல்லை. அதற்காகக் கொடுத்த சான்றிதழ் கூடத்தில், தாத்தா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. நான் கல்யாணமாகி வந்த அன்றைக்கு அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டுபோய் முதலில் காட்டியது பூஜையறையை, அடுத்து அந்தச் சான்றிதழை.

2017 டிசம்பரில் அவர்கள் இரண்டு பேரும் ஸ்டுட்கார்ட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ரயிலில் கூட்டிப்போகலாம் என்றுதான் என் கணவர் சொன்னார். அத்தைக்கு முழங்கால் வலி. பிளாட்பாரம் மாறி மாறி ஓடுவது நடக்காது. அதனால் ஒரு காரை வாடகைக்கு எடுத்தோம். என் கணவர் அங்கே லைசென்ஸ் எடுக்கவே இல்லை. வேலைக்கு ரயிலில் போய்வருபவருக்குத் தேவைப்படவில்லை. நான் எடுத்திருந்தேன். நம் ஊர் லைசென்ஸ் அங்கே குடியேறிய பிறகு ஆறு மாதம்தான் செல்லும். அதற்குமேல் எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் மறுபடி எழுதவேண்டும். பலகை ஏதும் இல்லாத முச்சந்தியில் வலது பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும் என்ற விதியைத் தவறவிட்டு ஒரு தடவை தோற்று, இரண்டாம் தடவை தேறினேன். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும். நாம் தப்புச் செய்தால் அவர் அழுத்திவிடுவார். அந்தப் பிரேக் அழுந்தும் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு கலங்கும். மாமா என் பக்கத்தில் உட்கார்ந்த முதல் நாளே அந்தக் கலக்கம் திரும்பி வந்துவிட்டது.

வண்டி வேகம் பிடித்தால், முன்னால் ஒரு லாரி குறுக்கே வந்தால், வளைவு நெருங்கினால், அவருடைய வலது கால் தரையை அழுத்தும். வெறும் மிதியடியைத்தான். ஆனாலும் கணுக்காலிலிருந்து முழங்கால்வரை இறுகுவது ஓரக்கண்ணில் எனக்குத் தெரியும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டார். “மாமா, குளிருதா?” என்றால் “இல்லம்மா” என்பார். அவ்வளவுதான். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினால் போதும், காபி குடிக்கிற இடத்தில் லாரிக்காரர்களின் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து மகனிடம் ஆயிரம் கேள்வி. மறுபடி ஏறினால் மௌனம். என் ஓட்டுதல் பிடிக்காமல், மருமகளிடம் எப்படிச் சொல்வது என்று அடக்கிக்கொண்டு வருகிறார் என்றே நினைத்தேன்.

ஸ்ட்ராஸ்பர்க்

முதலில் போனது ஸ்ட்ராஸ்பர்க். அங்கே ரைன் நதிதான் எல்லை. இந்தக் கரையில் ஜெர்மனியின் கேல், அந்தக் கரையில் பிரான்ஸ். பாலம் ஏறினோம், இறங்கினோம், முடிந்தது. “செக்போஸ்ட் எங்க?” என்று அத்தை பின்னாலிருந்து கேட்டார். ஆல்பேட்டை செக்போஸ்ட்டைத் தாண்டாமல் புதுச்சேரிக்குப் போய்வந்ததே இல்லாதவர்கள் கேட்கக்கூடிய கேள்வி அது. ரெட்டிச்சாவடிவரைக்கும் ஒரு அரசு, கன்னியக்கோயிலில் இன்னொரு அரசு. திரும்பி வரும்போது பையைத் திறந்து காட்டு, பாட்டில் இருக்கிறதா பார். ஒரே நாட்டுக்குள் இருக்கும் நமக்கு இத்தனை. 1870-இலிருந்து மூன்று பெரிய போர்களை ஒன்றோடொன்று நடத்திய இரண்டு நாடுகளுக்கு நடுவில் ஒரு பாலம்தான் இருந்தது.

ஊருக்குள் நடக்கும்போது தெருப்பெயர்ப் பலகைகளை மாமா நின்று பார்த்தார். மேலே பிரெஞ்சு, கீழே அந்த ஊர்க்காரர்களின் அல்சேஸ் பேச்சு. “நம்ம பாண்டி மாதிரியே ரெண்டு பாஷையில எழுதிருக்கான்” என்றார். போலீஸ்காரர்கள் யாருக்கும் பாண்டி போலீஸ் போலச் சிவப்புத் தொப்பி இல்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். 1570-இலிருந்து நடக்கும் கிறிஸ்துமஸ் சந்தை அது. அத்தை அங்கே ஒரு மணிநேரம் நின்று, சுட்ட கஷ்கொட்டையை ஒரு பொட்டலம் வாங்கி, முந்திரிக்கொட்டை சுடும் வாசனை வருகிறது என்று சொல்லி முகர்ந்துகொண்டே இருந்தார். பண்ருட்டிப் பக்கம் பிறந்தவர்.

மறுநாள் கோல்மாரில் விடிகாலை ஐந்து மணிக்கு சுரண்டும் சத்தம் கேட்டு விழித்தேன். ஜன்னலில் எட்டிப் பார்த்தால் மாமா, மகனுடைய ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, காரின் முன்கண்ணாடியில் உறைந்த பனியைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்துக்கொண்டிருக்கிறார். பாதி எடுத்துவிட்டு உள்ளே வந்தவர் கெட்டிலில் வெந்நீர் கொதிக்க வைத்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்து எனக்குப் பதறிவிட்டது. மாடியிலிருந்தே கத்தினேன்: “மாமா வேணாம்! ஊத்தாதீங்க, கண்ணாடி வெடிச்சுடும்!” தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு மறுபடி சுரண்டியை எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து பயணம் முடியும்வரை தினமும் அது அவர் வேலை. நான் எழுந்து வருவதற்குள் நான்கு கண்ணாடியும் சுத்தமாக இருக்கும். டயர் நான்கையும் தட்டிப் பார்த்திருப்பார், ஆயில் குச்சியை இழுத்துத் துடைத்துப் பார்த்திருப்பார். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் அச்சிட்டிருக்கும். பனிக்கால டயர் என்பதற்கு அதுதான் அடையாளம். ஏழு டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண ரப்பர் இறுகிப் பிடிப்பை விட்டுவிடும், இது இளக்கமாகவே இருக்கும் என்று நான் சொன்னபோது, அந்தப் பனிப்பூவை விரலால் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டார். ரீட்ரேட் போட்ட டயரில் மழைக்காலம் முழுக்க ஓட்டிய மனுஷர்.

அந்தத் தெருவில் இன்னொன்றும் நடந்தது. ரோட்டில் சிதறிக் கிடந்த வெள்ளைக் குருணையை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். “உப்பு. நம்ம மரக்காணம் கல்லுப்பு மாதிரியே இருக்கு.” உப்பு கலந்த நீர் பூஜ்யம் டிகிரியில் உறையாது, இன்னும் கீழே போகவேண்டும், அதனால் பனி விழுமுன்னே லாரியில் கொண்டுவந்து தூவுகிறார்கள் என்றேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளங்களைக் கணக்கில்லாத தடவை தாண்டியவர். பாத்தியில் விளைந்த உப்பு ஒரு மழைக்குக் கரைந்துபோவதைப் பார்த்திருக்கிறார். உப்பு ரோட்டுக்குக் காவலாக நிற்பதை அன்றைக்குத்தான் பார்த்தார். அத்தைக்கு மனசு கேட்கவில்லை. உப்பு மகாலட்சுமி, காலில் மிதிபடக் கூடாது என்று, அந்தக் குளிரில் முழங்கால் வலியோடு ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி நடந்தார்.

டிட்டிசே

ஃப்ரைபர்க்கிலிருந்து டிட்டிசேவுக்கு மலை ஏறும் பாதையில் வரும் ஓர் ஊரின் பெயருக்கு சொர்க்க ராஜ்யம் என்று பொருள். அதைத் தாண்டியதும் பாறைகள் இரண்டு பக்கமும் நெருக்கும் இடுக்கு, அதன் பெயர் நரகப் பள்ளத்தாக்கு. அந்த வளைவுகளில் மாமாவின் கால் ஓயவே இல்லை. மேலே போய்ச் சேர்ந்தபோது எனக்குத் தோள் இரண்டும் கல்லாக இறுகியிருந்தன. பூட்டிக் கிடந்த அந்தக் கடை வாசலில் வண்டியை நிறுத்தியது நான் கொஞ்சம் மூச்சு விடுவதற்காகத்தான். அத்தையும் என் கணவரும் ஏரியைப் பார்க்க இறங்கிப் போய்விட்டார்கள்.

அப்போதுதான் அவர் கேட்டார். நான் வரிசையாகக் காரணம் அடுக்கினேன். வாடகை ஒப்பந்தத்தில் ஓட்டுபவர் பெயர் என் பெயர் மட்டும். காலி இடமாக இருந்தாலும் யார் வேண்டுமானாலும் நுழையக்கூடிய இடம் என்பதால் இங்கேயும் ரோட்டுச் சட்டம்தான். ஏதாவது ஆனால் காப்பீடு கிடைக்காது. உங்கள் லைசென்ஸ் கடலூர் பீரோவில் இருக்கிறது. ஸ்டீயரிங் இடது பக்கம், கியர் வலது கையில். கீழே பனி. எல்லாம் உண்மை. அவர் இரண்டாவது காரணத்துக்கே “சரிம்மா” என்று சொல்லிவிட்டார். நான்தான் நிறுத்தாமல் ஐந்தாறு சொன்னேன். முழங்காலில் வைத்திருந்த கையை எடுத்து ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டார். அந்தக் கை உள்ளே போனதுதான் எனக்கு மறக்கவில்லை.

பெற்றவர்களை வெளிநாட்டுக்கு அழைத்துவந்து சுற்றிக் காட்டும் நம் பிள்ளைகள் எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறோம் என்று பிறகு பலதடவை யோசித்திருக்கிறேன். பத்திரமாக உட்கார வைக்கிறோம், பெல்ட் போட்டுவிடுகிறோம், இதைப் பாருங்கள் அதைப் பாருங்கள் என்கிறோம். வாழ்நாள் முழுக்க ஒரு வேலையைக் கையால் தெரிந்துகொண்ட ஒருவரிடம், இந்த ஊரில் அந்த வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்று தொட்டுப் பார்க்க ஆசையா என்று கேட்பதில்லை. தையல்காரரை அரண்மனைக்குக் கூட்டிப்போகிறோம். அந்த ஊர்த் தையல் கடைக்குக் கூட்டிப்போவதில்லை. மாமா அந்த ஒன்பது நாளில் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ரைன் அருவியைக் கேட்கவில்லை, ஆல்ப்ஸைக் கேட்கவில்லை.

அவற்றையெல்லாம் பார்த்தோம். ஷாஃப்ஹவுசன் பக்கத்தில் அந்த ரைன் அருவி, லுசெர்ன் மரப்பாலம், எல்லாம் நன்றாகவே இருந்தன, படங்கள் இருக்கின்றன. சுவிட்சர்லாந்து நெடுஞ்சாலைக்கு 40 பிராங்க் கொடுத்துக் கண்ணாடியில் ஒரு வில்லை ஒட்டினால் அடுத்த வருஷம் ஜனவரி முடியும்வரை செல்லும் என்பது மட்டும் மாமாவுக்கு மிகவும் பிடித்துப்போனது. டோல்கேட் டோல்கேட்டாக நின்று சில்லறை பொறுக்கவேண்டாம் பாருங்கள். கோட்ஹார்ட் சுரங்கத்தில் நுழையும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். 16.9 கிலோமீட்டர், 1980-இல் திறந்தது, எதிரும் புதிருமாக ஒரே குழாயில் வண்டிகள். வடக்கு வாயில் மூடுபனியும் ஈரமும். தெற்கு வாயில் வெளியே வந்தால் கண்ணைப் பறிக்கும் வெயில். அத்தை கைகூப்பிவிட்டார். மாமா கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார். பேசவில்லை.

முப்பதாம் தேதி

டிசம்பர் 30 சாயங்காலம். ஆஸ்திரியாவின் பிரெகன்ஸில் தங்கிவிட்டு வீடு திரும்புகிறோம். உல்ம் தாண்டி நெடுஞ்சாலை ஒரு மேட்டுநிலத்தின்மேல் ஏறுகிறது, கடல் மட்டத்துக்கு 700 மீட்டருக்கு மேலே. அங்கே பனி கொட்டத் தொடங்கியது. விளக்கு வெளிச்சத்தில் பஞ்சு பறப்பதுபோல் எதிரே வந்து மோதியது. இன்னும் கொஞ்ச தூரத்தில் அந்த மேட்டிலிருந்து கீழே இறங்கும் சரிவு. டிராக்கென்ஷ்டைன் என்ற ஊருக்கு மேலே, 1930-களில் மலைச்சரிவில் வெட்டிய பாதை. ஏறுபவர்களுக்கு ஒரு மலை, இறங்குபவர்களுக்கு இன்னொரு மலை என்று தனித்தனியாகப் பிரிந்து போகும். ஒதுங்கி நிற்க ஓரம் கிடையாது. சரிவுக்கு முன்னாலேயே வண்டிகள் நின்றுவிட்டன. கீழே ஏதோ மோதல்.

நிற்கும்போதே முன்னால் இருந்த வண்டிகள் அசைந்தன. இடது வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் இடது ஓரத்துக்கும், வலது வரிசையில் இருந்தவர்கள் வலது ஓரத்துக்கும் ஒதுங்கினார்கள். பெரிய கன்டெய்னர் லாரிகள்கூட இஞ்ச் இஞ்சாக நகர்ந்து கொடுத்தன. நானும் ஒதுங்கினேன். நடுவில் ஒரு வண்டி போகிற அளவுக்கு நேர்கோடாக ஒரு வழி திறந்துவிட்டது. ஆம்புலன்ஸ் சத்தம் எங்கும் இல்லை. நான் எஞ்சினை அணைத்தேன்.

“என்னம்மா இது, யார் வராங்க?” நடுரோட்டில், வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு மாமா ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல்முறை.

யாரும் வரவில்லை, வந்தால் போவதற்கு வழி விட்டு வைக்கவேண்டும், வண்டிகள் நிற்கத் தொடங்கும்போதே விட்டாக வேண்டும் என்றேன். அந்த வருஷம் அக்டோபரிலிருந்துதான் விடாதவர்களுக்கு 200 யூரோ அபராதம். ஐந்து நிமிஷம் கழித்து நீல விளக்கோடு ஆம்புலன்ஸ் வந்தது, அதன் பின்னால் தீயணைப்பு வண்டி. ஒரு இடத்திலும் வேகம் குறையாமல் அந்த வழியே போயின. மாமா பெல்ட்டைக் கழற்றிவிட்டு, திரும்பி, பின்கண்ணாடி வழியாகப் பின்னால் எவ்வளவு தூரத்துக்கு வழி திறந்திருக்கிறது என்று பார்த்தார். “நம்ம ஊர்லயும் 108-க்கு வழி வுடுறாங்க. சத்தம் கேட்ட பெறவு. இவங்க கேக்காமலே வுட்டு வெச்சிருக்காங்க” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

ஒரு மணிநேரத்துக்குமேல் நின்றோம். அத்தை ஃப்ளாஸ்க்கிலிருந்து சுக்குக் காபி ஊற்றிக் கொடுத்தார். மாமா பேசினார். “இன்னிக்குத் தேதி என்னம்மா? முப்பதா? தானே புயல் அடிச்ச நாளு.” 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. முந்தின நாள் சாயங்காலம் இவர் கோயம்பேட்டிலிருந்து கிளம்பியிருக்கிறார். திண்டிவனம் வருவதற்குள் காற்று பக்கவாட்டில் வண்டியைத் தள்ளத் தொடங்கியிருக்கிறது. ஸ்டீயரிங்கைக் காற்று வரும் பக்கம் லேசாகப் பிடித்துக்கொண்டே வந்தவர், திண்டிவனத்தில் நிறுத்திவிட்டார். இதற்குமேல் எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நாற்பது பயணிகள். சிலர் திட்டினார்கள். ஒருவர் மட்டும் திட்டவில்லை. அவருடைய அம்மா கடலூரில் இறந்து கிடந்தார்கள். பக்கத்தில் வந்து நின்று, “மெதுவாவாச்சும் போங்க சார்” என்றாராம்.

“மாட்டேன்னுட்டேன். மறுநாள் வந்து பாத்தா ரோடு பூரா மரம். பலா, முந்திரி, புளி எல்லாம் வேரோட. நான் செஞ்சது சரிதான். ஆனா அந்த ஆளு மொகம் இன்னும் போகல.” இதைச் சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார். டிட்டிசேவை நினைத்துக்கொண்டுதான் எனக்காக அதைச் சொன்னாரா, தேதி வந்ததால் சொன்னாரா, நான் கேட்கவில்லை.

வண்டிகள் நகரத் தொடங்கின. பேச்சு நின்றது. சரிவில் இறங்கினேன். ரோட்டில் உப்பு போட்டிருந்தாலும் அதன்மேல் புதுப்பனி விழுந்திருந்தது. மூன்றாவது கியரில், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டுக்கொண்டு போனேன். ஒரு வளைவுக்கு முன்னால் அழுத்தியபோது பெடல் என் காலடியில் தடதடவென்று நடுங்கியது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் வண்டி தானாகப் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிறது. வண்டி குறையவேண்டிய அளவுக்குக் குறையவில்லை. முன்னால் லாரியின் சிவப்பு விளக்கு பெரிதாகிக்கொண்டே வருகிறது. அப்போது பக்கத்திலிருந்து, சத்தம் உயராத குரலில்:

“செகண்டு போடும்மா. பிரேக்க வுடு.”

விட்டேன். கிளட்சை அழுத்தி இரண்டாவதில் போட்டு மெதுவாக விட்டேன். எஞ்சின் உறுமியது. வண்டியைப் பின்னாலிருந்து யாரோ கயிறு கட்டிப் பிடித்த மாதிரி இருந்தது. சிவப்பு விளக்கு அதே தூரத்தில் நின்றது. அதற்குப்பிறகு கீழே சமவெளி வரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பிரேக்கைத் தொடவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். அவருடைய வலது கால் தரையில் அழுத்தாமல், லேசாக மேலே தூக்கியபடி இருந்தது. அவரும் பிரேக்கை விட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து, அத்தை குக்கரில் அரிசி வைக்கும்போது கேட்டுவிட்டேன். இத்தனை நாள் ஏன் மாமா எதுவுமே சொல்லவில்லை, நான் ஓட்டுவது பிடிக்கவில்லையா?

“ஓட்டுறவங்ககிட்ட பேசக் கூடாதும்மா” என்றார் மாமா, இதைக்கூடவா கேட்பது என்பதுபோல. “அவங்க கவனம் அவங்களுக்கு. இன்னிக்கு ஒண்ணு சொன்னேன், அதுவும் எறங்கசொல்ல வண்டி வழுக்குதேன்னு.”

அத்தை அரிசியைக் களைந்துகொண்டே சொன்னார்: “கண்ணாலம் ஆன புதுசுல பாண்டிக்குப் போவசொல்ல இவரு பஸ்ல முன்னாடி உக்காந்து ஏதோ கேட்டுட்டேன். வூட்டுக்கு வந்து பத்து நாளு என்கிட்ட பேசல.”

அப்படியானால் ஒன்பது நாளும் அவர் என்னை ஓட்டுநராக நடத்திக்கொண்டு வந்திருக்கிறார். நான் அவரை அப்படி நடத்தவில்லை.

இடது பக்கத்து சீட்

மிச்சம் புரிந்தது ஒன்றரை வருஷம் கழித்து. நாங்கள் ஊருக்கு வந்தோம். சென்னை விமான நிலையத்திலிருந்து கடலூருக்கு டாக்ஸி. குழந்தைக்குப் பின்னால் படுக்க இடம் வேண்டும் என்று நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன். செங்கல்பட்டு தாண்டி ஒரு லாரி சட்டென்று நுழைந்தபோது என் வலது கால் தரையை ஓங்கி அழுத்தியது. திண்டிவனத்துக்குள் நாலைந்து தடவை. டிரைவர் நன்றாகத்தான் ஓட்டினார், எனக்குப் பயமும் இல்லை. ஆனாலும் கால் நிற்கவில்லை. அப்போதுதான் குனிந்து பார்த்தேன். காரின் இடது பக்கம். ஜெர்மனியில் நான் தினமும் உட்கார்ந்து ஓட்டும் பக்கம். எனக்கு முன்னால் ஸ்டீயரிங் இல்லை, காலடியில் பெடல் இல்லை. என் உடம்புக்கு அது தெரியவில்லை.

மாமா ஸ்டுட்கார்ட்டில் உட்கார்ந்தது வலது பக்கத்து முன்சீட்டு. 31 வருஷம் அவர் உட்கார்ந்த பக்கம். கண்ணாடி அதே இடத்தில், ரோடு அதே கோணத்தில். ஸ்டீயரிங்கையும் பெடலையும் மட்டும் எடுத்துவிட்டு, வாயையும் மூடிக்கொண்டு, பனியில் ஆயிரத்து சொச்சம் கிலோமீட்டர் வந்திருக்கிறார். அதை நான் என்மேல் உள்ள அவநம்பிக்கை என்று படித்தேன். ஜாக்கெட் பைக்குள் போன அந்தக் கை எங்கிருந்து போனது என்பது எனக்கு அந்த டாக்ஸியில்தான் உறைத்தது. புதுப்பாளையம் வந்து இறங்கியதும் மாமாவிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். அவர் டாக்ஸி டிரைவரிடம் எந்த வழியாக வந்தீர்கள், மரக்காணமா திண்டிவனமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லவில்லை. பிறகு கொரோனா வந்தது, போக்குவரத்தே நின்றது.

போன வாரம்தான் கேட்டேன். “மாமா, உங்க லைசென்ஸ் எங்க?” பீரோவைத் திறந்து, பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார். ஹெவி லைசென்ஸ். தேதி முடிந்திருந்தது. எதுக்கும்மா என்றார். கார் ஓட்டுவதற்கு மட்டும் புதுப்பிக்கலாம், அதை வைத்து ஒரு வருஷத்துக்கு சர்வதேசப் பெர்மிட் வாங்கலாம், வழுக்குத் தரையில் ஓட்டிப் பழகுவதற்கென்றே ஜெர்மனியில் வேலி போட்ட மைதானங்கள் இருக்கின்றன, அங்கே நேரம் வாங்கிக்கொண்டு போய் ஓட்டலாம் என்றேன். இந்தத் தடவை நான்கைந்து காரணம் அடுக்கியபோது அவர் ஒன்றுக்கும் சரிம்மா என்று சொல்லவில்லை. “அறுபத்தொம்பது ஆவுது. கண்ணு பாப்பாங்களே” என்றார். உங்களுக்குத்தான் கண்புரை எடுத்தாயிற்றே, போய்ப் பார்த்துவிடலாம் என்றேன். அதற்குமேல் அவர் ஏதும் சொல்லாமல் லைசென்ஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுபடி பீரோவுக்குப் போகவில்லை.

நாளைக் காலை டாக்டரிடம் போய் மருத்துவச் சான்று வாங்கவேண்டும். அங்கிருந்து ஆர்டிஓ ஆபீஸ். எக்ஸ்எல்லைத் துடைக்கும் சத்தம் நின்றுவிட்டது. நாளைக்குப் போட ஒரு வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கீழேயிருந்து குரல் கேட்கிறது.